கிடைத்த பொருள்

இரவு ஒன்பதே முக்கால். பத்துக்கு மூடுவோம்.
புளோக்கின் கீழ்த்தளத்தில் எங்கள் சாவடி,
மேலே பன்னிரண்டு மாடிப் பூண்டு வாசம்.
உள்ளே நோர்ஹிஷாம் மைலோ கலக்குகிறான்.
அடுத்த திங்கள் முதல் இங்கே ஆள் கிடையாது.
திரை ஒன்று நிற்கும்.
புகாரை விரலால் தொட்டுச் சொல்லலாம்.

பூட்ஸில் செம்மண்ணோடு ஒருவன் வந்தான்,
ரயில் சுரங்கத்துக்குக் குழி தோண்டுகிறவன்.
பெயர் அமிர்தகடேசன்.
ஊரைக் கேட்கவில்லை, பெயரே சொல்லிவிட்டது.
கைக்குட்டையைப் பிரித்தான்.
பித்தளை வில்லை, உள்ளங்கை அகலம்,
நடுவில் நாற்பத்தொன்று.

"அக்கா, இது மாத்தாவோடது மாதிரி இருக்கு.
வெச்சிருந்தா திருட்டு ஆயிடுமா?"

மாத்தா.
மலாய்க்காரர் வாயில் அது கண்,
இரட்டித்தால் காவலர்.
நம்மவர் வாய்க்கு வந்ததும்
நடுவில் ஒரு 'த்' ஏறிக்கொண்டது,
அறை விழும் சத்தத்தோடு.

படிவத்தைத் திறந்தேன்.
பொருள்: வில்லை. உலோகம்: பித்தளை.
மதிப்பு: தெரியாது.
உரிமையாளர்:

பயிற்சியில் இதற்கெல்லாம் ஒரு பாடம் உண்டு,
மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு.
ஆயிரத்து எண்ணூற்று இருபது. ஏறக்குறைய ஒரு டஜன் பேர்.
அவர்கள் சம்பளத்துக்குப் பணம் வந்தது
அபினிக்கும் சாராயத்துக்கும் சூதுக்கும் கொடுத்த உரிமத்தில்.
வகுப்பில் ஒருவன் சிரித்தான், ஆசிரியர் சிரிக்கவில்லை.
பிறகு பஞ்சாபிலிருந்து தலைப்பாகைகள்,
போருக்குப் பின் நேப்பாளத்திலிருந்து வளைந்த கத்திகள்,
கஞ்சி போட்டுத் தொடையை அறுத்த காக்கி அரைக்கால்சட்டை,
பிறகு இந்த நீலம்.
இடையில் எங்கோ நான் தூங்கிப்போனேன்.

இப்போது தீவு எழுத்துகளாகக் கிடக்கிறது.
ஏ நகர நடு. டி கிளமெண்டி. ஈ தங்ளின்.
எஃப் அங் மோ கியோ. ஜி பிடோக்.
ஜே ஜூரோங். எல் உட்லண்ட்ஸ்.
பியும் சியும் எங்கே என்று கேட்டேன் ஒருமுறை.
"அது அப்படித்தான்" என்றார் மேலதிகாரி.
பல் விழுந்த வாய்தான், ஆனாலும் மெல்லும்.

நாற்பத்தொன்றுக்கு எழுத்தே இல்லை.

யார் நீ?
தாடி வைத்தவனா, மழித்தவனா,
நாகப்பட்டினத்தில் கப்பலேறியவனா?
வில்லையைத் தொலைத்ததற்குச்
சம்பளத்தில் பிடித்தார்களா?
இல்லை, ஜப்பான்காரன் வந்த வாரம்
சட்டையைக் கழற்றி எரித்துவிட்டு,
எரியாத இதை மட்டும் மண்ணில் அழுத்தி,
வெறும் பனியனோடு
தேங்காய் சுமப்பவர்கள் வரிசையில் சேர்ந்துகொண்டாயா?

"என்ன தேடுற?" என்றான் நோர்ஹிஷாம்.
"ஓனரை."
கட்டம் நான்கு விடைகள் வைத்திருந்தது:
தனிநபர், நிறுவனம், அரசு, பிற.
அரசுமேல் விரலை வைத்தேன்.
எடுத்தேன்.

கண்டெடுத்தவர் விவரம் வேண்டும் என்றதும்
அமிர்தகடேசன் வேலை அனுமதி அட்டையை நீட்டினான்,
பிடரியில் வியர்வையோடு.
"சூப்பர்வைசருக்குப் போன் போகுமா அக்கா?
குழியில நின்னது அஞ்சு நிமிசம்தான்."
போகாது என்றேன்.
போகக்கூடாது என்பதைத்தான் அப்படிச் சொன்னேன்.
எண்ணைத்தான் முதலில் தட்டினேன்.
பெயர்க் கட்டம் சின்னது;
'அமிர்தகடே'வோடு நின்றுவிட்டது.
ஒருமுறை அழித்தேன், இடைவெளி விடாமல் மறுபடி அடித்தேன்.
அப்போதும் 'சன்' வெளியே.

பிளாஸ்டிக் பையில் வில்லையைப் போட்டு ஒட்டினேன்.
பிற.
அச்சு இயந்திரம் முனகி ரசீதைத் துப்பியது:
நாற்பத்தொன்றுக்கு இனி பதினான்கு இலக்கம்.

ரசீதை நான்காக மடித்து
அட்டைக்குப் பின்னால் செருகிக்கொண்டான்.
மைலோ வேண்டாம் என்றான், லாரி நிற்கிறதாம்.
சாலையோரம் அது
விளக்கணைத்து, ஹாரன் அடிக்காமல் நின்றது.
பின்தட்டில் ஏழெட்டுப் பேர்
எங்கள் நீல விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்,
உள்ளே போனவன் நடந்து வருகிறானா என்று.